தாயில்பட்டி செல்வி அக்கா பதில் எழுத வேண்டும்

ராசா,

போனில் சொல்ல வேண்டியதை எதற்கு அம்மா கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். வேலை நாளில் கூப்பிட்டால் 'மீட்டிங்ல இருக்கேம்மா' என்கிறாய். நீ ஓய்வாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் உன் தங்கச்சி முத்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, 'அண்ணன் என்னம்மா சொல்லுது' என்று ரிசீவருக்குக் காதைக் கொடுக்கிறாள். இது அவள் காதில் விழக் கூடாத பேச்சு. அதனால் பிரஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில், கம்ப்யூட்டரில் பாதியில் நிற்கிற ஒரு மத்தாப்பு லேபிளை ஓரங்கட்டிவிட்டு, இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். மெயிலில் போட்டால் நாலு பேர் நடுவில் திறப்பாய். கூரியரில் அனுப்புகிறேன். ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முத்துவின் வலது கை வீங்கியிருக்கிறது. பழைய தீக்காயத் தழும்பின் மேல் தோல் சிவந்து தடித்து, விரல் இடுக்கில் நீர் கோத்து நிற்கிறது. ஸ்கூலில் பாடம் நடத்தும்போது சாக்பீஸ் பிடிக்க முடியாமல், கையெழுத்து நன்றாக இருக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் போர்டில் எழுத வைக்கிறாளாம். காரணம் ஒரு களிம்பு. அந்தக் களிம்பை அவளுக்குச் சொன்னது தாயில்பட்டி செல்வி அக்கா. அந்தச் செல்வி அக்கா நீதான்.

இது உனக்குத் தெரியாமல் நடந்தது என்று எனக்குத் தெரியும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க உனக்குத் தெம்பு இருக்காது. உன்னைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. திட்டித் தீருகிற காரியமாக இருந்தால் போனிலேயே திட்டி முடித்திருப்பேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா.

தை பிறந்ததும் கோவில்பட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கையைப் பற்றித் தரகரிடம் முன்னாலேயே சொல்லித்தான் அனுப்பினோம், அவர்களும் அதனாலென்ன என்றுதான் சொன்னார்கள். ஆனால் முத்துவுக்கு மனசு ஆறவில்லை. 'சொல்லிக் கேக்குறது வேற, காபி டம்ளர நீட்டும்போது பாக்குறது வேறம்மா' என்றாள். கூட வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி, பெண்கள் கூடிப் பேசுகிற அந்த இணையதளத்தைக் காட்டியிருக்கிறாள். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கோலம், குழம்பு, நாத்தனார் சண்டை எல்லாவற்றையும் தாண்டி, பட்டாசுத் தழும்பு என்று தேடினாளாம். செல்வி அக்கா வந்து நின்றாள். தாயில்பட்டிக்காரி, பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவள், சின்ன வயதில் கை வெந்தவள். அன்று சாயங்காலம் முத்து வீட்டுக்குள் வந்தபோது இருந்த முகத்தை நான் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. 'எனக்காவே எழுதுன மாதிரி இருக்கும்மா. நான் ஒருத்திதான் இப்பிடின்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்' என்றாள். களிம்பு தபாலில் வந்தது. மூடி இறுக்கமாக இருந்ததால் முதல் நாள் திறந்துகொடுத்ததே நான்தான். நல்ல வாசனையாகத்தான் இருந்தது.

போட்ட அன்றே எரிந்தது. செல்வி அக்காவுக்கும் முதலில் எரிந்ததாம். எரிச்சல்தான் மருந்து உள்ளே இறங்குவதற்கு அடையாளம், பயந்து நிறுத்திவிடாதீர்கள் தோழிகளே என்று எழுதியிருக்கிறதாம். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். கை வீங்க ஆரம்பித்ததும் அந்தப் பதிவுக்குக் கீழே செல்வி அக்காவிடம் ஒரு கேள்வி எழுதிப் போட்டாள். பிரஸ்ஸில் நெட் இருக்கிறதே, பதில் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்மா என்று முகவரியைத் துண்டுத்தாளில் எழுதித் தந்தாள். அப்போதுதான் அதை நான் முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். பாதி வரைக்கும் எனக்கும் கண் கலங்கியது. அதற்கப்புறம் அந்தப் பதிவில் வளையல்காரர் வந்தார்.

உனக்கு அந்த இடம் மறந்திருக்காது. பங்குனிப் பொங்கல் கடைகள் போட்டிருந்தார்கள், நாம் மூன்று பேரும் போயிருந்தோம். முத்து ஒன்றாம் வகுப்பு, கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வளையல்காரர் வளையலைக் கையில் எடுத்து அவளுடைய வலது கையைத் தொட்டவர், தொட்டபடியே நின்றுவிட்டார். இவள் என்ன நினைத்தாளோ, கையை மெதுவாக இழுத்துக்கொண்டு, 'இந்தக் கைக்கு வேணாம்ணே, இது படிக்கிற கை' என்று இடது கையை நீட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே போட்டுவிட்டார், காசு வாங்கவில்லை. முத்துவுக்கு அது நினைவில் இல்லை. நாமும் அவளிடம் சொன்னதில்லை. நீயும் நானும்கூட அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொண்டதில்லை. அது அப்படியே செல்வி அக்காவின் வாயில் இருந்தது. வளையல்காரர் இன்டர்நெட்டில் எழுதுகிறவராக எனக்குத் தோன்றவில்லை. கடைசி வரியில் செல்வி அக்கா இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். அதற்குக் கீழே களிம்பு எங்கே கிடைக்கும் என்ற விவரம் இருந்தது.

அன்றைக்கு உனக்குப் போன் போட்டு, 'ஏலே, வளையல்காரர எழுதுனது நீயா?' என்று கேட்டேன். நீ சொன்னாய், 'யாரு பேரையும் போடலயேம்மா.' அப்புறம் அவசர அவசரமாக விளக்கினாய். அதுதான் உன் வேலை என்றாய். ஒரு பொருளைப் பற்றிச் சாதாரண மக்கள் பேசிக்கொள்கிற மாதிரி எழுதித் தருவதற்குத்தான் கம்பெனிகள் உங்கள் ஆபீஸுக்கு ஆர்டர் கொடுக்கின்றன என்றாய். 'எல்லாரும் பண்றதுதாம்மா. மத்தவங்க கற்பனையா எழுதுறாங்க, நான் மனசுல இருந்தத எழுதுனேன்.' முத்து அதைக் கையில் போட்டுக்கொண்டிருக்கிறாளடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஸ்கூல் பையோடு உள்ளே வந்து, 'அண்ணனா? குடும்மா' என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். கோவில்பட்டி மாப்பிள்ளையின் போட்டோவைப் பற்றி நீங்கள் இருவரும் சிரித்துப் பேசியதை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையைப் பற்றி அவள் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தாயா? பொங்கலுக்கு நீ வரும்போது கையை நீட்டிக் காட்டி உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறாள்.

எனக்கு ஆறாதது என்னவென்றால், இந்த வித்தையைப் பத்து வயதில் கண்டுபிடித்தவனே நீதான். தீபாவளி சீசனில் சிவகாசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஓர் ஆள் எப்போதும் கையில் பையோடு உட்கார்ந்திருப்பாரே. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி எந்தக் கடையில் வாங்கலாம் என்று முழித்தால், 'நானும் வெளியூருதாங்க, வருசா வருசம் அந்தக் கடையிலதான் வாங்குறது, தைரியமாப் போங்க' என்பார். அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நீ என் சேலையைப் பிடித்து இழுத்து, 'அம்மா, இவரு போன வாரமும் வெளியூருதான்' என்றாய். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். அந்த ஆள் சீசன் முடியும் வரைக்கும் வெளியூர்க்காரராகவே இருந்தார். பஸ்ஸில் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஒருத்தர் ஒரு கடையை நல்ல கடை என்றால், அவர் வேறு எதைப் பற்றியும் வாய் திறக்கிறாரா என்று பார் என்று. வாங்கினவன் என்றால் ஏதாவது ஒரு குறையும் சேர்த்துத்தான் சொல்லுவான். கடை நல்ல கடை, ஆனால் கல்லாவில் இருக்கிற ஆள் சிடுமூஞ்சி என்பான். குறையே இல்லாமல் புகழ்கிறவன் வாங்கினவன் இல்லை, விற்கிறவன். நீ அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய். இப்போது நினைத்தால், செல்வி அக்கா அந்தக் களிம்பின் டப்பா மூடி சரியில்லை என்று ஒரு குறை சொல்லியிருந்தாளே, அது இங்கிருந்து போனதுதான்.

இன்னொன்றும் இங்கிருந்துதான் போனது. நான் லேபிள் செய்கிறவள். அச்சுக்கோத்த காலத்திலிருந்து கம்ப்யூட்டர் வந்த காலம் வரைக்கும் எத்தனையோ குழந்தை முகங்களையும் கிளிகளையும் சிங்கங்களையும் வெடிக்கட்டு மேல் ஏற்றியிருக்கிறேன். ஒரே சரக்குக்கு மூன்று பெயரில் லேபிள் அடித்ததும் உண்டு. அதனால் நம் வீட்டில் லேபிளை யாரும் நம்பியதில்லை. உங்கள் அப்பா நாரணாபுரத்தில் பட்டாசு லோடு ஏற்றிவிட்டு வரும்போது தீபாவளிக்குக் கொண்டுவருவதெல்லாம் லேபிள் ஒட்டாத சரக்குதான். இங்கே வேலை பார்க்கிற யார் வீட்டிலும் அப்படித்தான். லேபிளைப் பார்த்து வாங்குகிறவன் வெளியூர்க்காரன், உள்ளூர்க்காரனுக்குப் பொட்டுக் காகிதம் இல்லாமல் வருவதுதான் அசல். இதை நான் உங்கள் இருவருக்கும் சோற்றோடு சேர்த்து ஊட்டினேன். செல்வி அக்கா எழுதியதைப் பற்றி முத்து என்ன சொன்னாள் தெரியுமா? 'அதுல படம் இல்ல, கலர் இல்ல, ஒண்ணுமில்லம்மா. நம்ம லேபிள் ஒட்டாத சரக்கு மாதிரி இருக்கு.' வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்குமோ என்னவோ. பெட்டியைப் பார்த்து ஏமாறுகிற பழக்கம் நமக்கு இல்லை, அதனால் பெட்டி இல்லாமல் வருகிற எதையும் தடுக்கத் தெரியாமல் நிற்கிறோம்.

இத்தனைக்கும் அவள் கையைச் சுட்டதே லேபிள் ஒட்டாத புஸ்வாணம்தான். பற்றாமல் கிடக்கிறதே என்று குனிந்து தொட்டாள். நீதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாய், செருப்புக்கூட இல்லாமல். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கிடந்தாய். கட்டு மாற்றும்போது அவள் கத்தாமல் இருக்க, நீ வாய்க்கு வந்த கதையெல்லாம் சொல்லுவாய். ராஜா வேஷம் போட்ட பூனை ஒன்று வருமே, அதைக் கேட்டுக்கொண்டே அவள் கையை நர்ஸிடம் கொடுத்துவிடுவாள். உன் கதை ஓடிக்கொண்டிருந்தால் அவளுக்கு வலி தெரியாது. இப்போதும் அதேதான் நடக்கிறது ராசா. நீ ஒரு கதை சொல்லியிருக்கிறாய், அவள் கையைக் கொடுத்துவிட்டு வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

டாக்டரிடம் கூட்டிப்போகவில்லையா என்று கேட்பாய். போனேன். அவர் பார்த்த உடனே, 'என்னத்தப் போட்டம்மா? உடனே நிறுத்து, இல்லாட்டி தழும்புக்கு அடியில இருக்கிற தோலும் போயிரும், அப்புறம் விரல மடக்க முடியாது' என்றார். மாத்திரை எழுதித் தந்தார். வெளியே வந்ததும் முத்து சொல்கிறாள், 'டாக்டருக்குக் கை வெந்திருக்காம்மா? அந்த அக்காவுக்கு வெந்திருக்கு.' வீட்டுக்கு வந்ததும் டப்பாவை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். இன்னொன்று வரவழைத்துவிட்டாள். கெஞ்சினேன். 'செல்வி அக்கா ஒரு வார்த்த சொல்லட்டும்மா, அன்னைக்கே தூரப் போட்டுருதேன்' என்கிறாள். வளர்ந்த பிள்ளை, டீச்சர், கையைப் பிடித்து அடித்தா நிறுத்த முடியும்?

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். கேட்டால் சிரிப்பாய், சிரிக்கிற நிலைமையில் இருந்தால். பிரஸ்ஸில் உட்கார்ந்து அதே இணையதளத்தில் ஒரு பேர் வைத்துக்கொண்டு நுழைந்தேன். ராஜபாளையம் மீனா என்று. எனக்கும் தீக்காயத் தழும்பு உண்டு, இந்தக் களிம்பைப் போட்டேன், கை வீங்கிவிட்டது, டாக்டர் நிறுத்தச் சொன்னார், தயவுசெய்து யாரும் போடாதீர்கள் என்று முத்துவின் கேள்விக்குக் கீழே எழுதினேன். நடந்ததைத்தான் எழுதினேன், பேர் மட்டும்தான் பொய். மறுநாள் முத்து பிரவுசிங் சென்டரிலிருந்து வந்து சேலையைக்கூட மாற்றாமல் என்னிடம் விளக்கம் சொல்கிறாள். 'யாரோ மீனாவாம், வந்து இல்லாததும் பொல்லாததும் எழுதியிருக்காம்மா. வேற எந்தக் களிம்புக் கம்பெனி ஆளோ. பேரு நேத்துதான் பதிஞ்சிருக்கு, இதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதுனதில்ல. எப்பிடி வெந்துச்சு, எங்கன வெந்துச்சு, ஒரு விவரமும் இல்ல. நல்லது ஒண்ணுகூடச் சொல்லாம வெறும் குத்தமாச் சொல்லுதா. நீதானம்மா சொல்லிக்குடுத்த, ஒரே பக்கமாப் பேசுறவன நம்பாதன்னு.' நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. நான் கற்றுக்கொடுத்த அளவுகோலை வைத்து அளந்தால் மீனா பொய்க்காரி, செல்வி அக்கா உண்மைக்காரி. எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. உன் எழுத்தில் ஆஸ்பத்திரி வாசனை இருக்கிறது, கட்டுப் பிரிக்கும்போது பஞ்சு ஒட்டிக்கொள்வது இருக்கிறது, படிக்கிற கை இருக்கிறது. எல்லாம் நடந்தது. நடக்காதது அந்தக் களிம்பு மட்டும்தான். எது நிஜமான சிபாரிசு, எது காசுக்குச் சொல்வது என்று கண்டுபிடிப்பதற்கு இனிமேல் யாருக்காவது புத்தி சொல்ல வேண்டியிருந்தால் என்னிடம் ஒன்றுமில்லை. பெத்த பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருத்தன் எழுதியதை இன்னொருத்தி நம்பாமல் இருக்க எனக்கு வழி தெரியவில்லை.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். எத்தனையோ தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் களிம்பை அந்த நிமிஷமே தூக்கி எறிந்துவிடுவாள், சந்தேகமில்லை. அதோடு வேறு ஒன்றையும் எறிந்துவிடுவாள். கை வெந்த நாளிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீ என்பதில்தான் அவள் உலகத்தில் எல்லாமே நிற்கிறது. கோவில்பட்டிக்காரர்கள் வரும்போதுகூட, 'அண்ணன் பக்கத்துல இருந்தாப் போதும், நான் காபி கொண்டாந்துருவேன்' என்றாள். அவளுடைய கையை நீ விலைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாய் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? உங்கள் அப்பாவிடமும் சொல்லவில்லை. வீக்கத்தைப் பார்த்துவிட்டு, 'எம்புட்டு நாளா இருக்கு இது? எந்த நாய் சொல்லுச்சு இந்த மருந்த?' என்று கத்தினார்.

அந்தப் பதிவை அழித்துவிட நினைப்பாய். அவசரப்பட்டு அழித்துவிடாதே. காணாமல் போனால் அவள் செல்வி அக்காவுக்கு என்னமோ ஏதோ என்று பதறுவாளே தவிர, மருந்தை நிறுத்த மாட்டாள். வேலையை விடுவதும் விடாததும் உன் பாடு. உன் சம்பளத்தில்தான் இந்த வீட்டுக்கு மேல்கூரை போட்டோம், அதை மறந்துவிட்டு உனக்கு நியாயம் பேச எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. அதையெல்லாம் பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம், அல்லது பேசாமலே விட்டுவிடலாம். எனக்கு இப்போது ஒன்றே ஒன்று ஆக வேண்டும்.

முத்து எழுதிப் போட்ட கேள்வியை நீ இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். எழுதிக் கொடுத்ததோடு உன் வேலை முடிந்துவிடும் போலிருக்கிறது. அவள் எழுதியதை இங்கே அப்படியே அடிக்கிறேன். 'செல்வி அக்கா, வணக்கம். நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். எனக்கும் வலது கைதான். நீங்கள் சொன்னபடி விடாமல் போடுகிறேன். கை வீங்கியிருக்கிறது, விரல் மடங்கவில்லை. அம்மா பயப்படுகிறார்கள். உங்களுக்கும் இப்படி ஆனதா அக்கா? நீங்கள் சொன்னால் தொடர்ந்து போடுகிறேன். நீங்கள் எப்போது வருவீர்களோ அப்போது பதில் போடுங்கள், நான் தினமும் வந்து பார்க்கிறேன்.' சொன்ன மாதிரியே தினமும் போய்ப் பார்க்கிறாள். ஸ்கூல் விட்டதும் நேரே பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் நான் கேட்கும் முன்னாலேயே, 'அக்கா இன்னும் வரலம்மா' என்கிறாள். இடது கையால்தான் சாப்பிடுகிறாள், ஸ்பூனை வைத்து.

ஆயுசு பூராவும் பொய் பேசாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளையிடம் நான் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் பேச்சும் எடுபடவில்லை, டாக்டர் பேச்சும் எடுபடவில்லை, மீனாவும் தோற்றுப்போனாள். அவள் கேட்கிற ஒரே ஆள் நீ கட்டி நிறுத்திய அந்தப் பொம்பளைதான். அதனால் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திற. செல்வி அக்காவாகவே போய் எழுது. எனக்கும் பிறகு அப்படித்தான் ஆனது, நான் ஏமாந்துபோனேன், மறைத்துவிட்டேன் என்று எழுது. உடனே நிறுத்திவிடு தங்கச்சி, டாக்டர் சொல்வதைக் கேள் என்று எழுது. அவளைத் தங்கச்சி என்று கூப்பிட உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மா